முடி எவ்வளவு நீளம் இருக்கலாம்?

பெண்ணை ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோர் கட்டணம், நேரம் எல்லாம் விசாரித்து முடித்த பிறகு சற்றுத் தயங்கி இன்னொன்றையும் கேட்பார்கள்: "முடியை வெட்டியே ஆகணுமா?" சில வீடுகளில் பாட்டிக்கு இந்த ஒரு விஷயத்தில்தான் மனத்தாங்கல். பிறந்ததிலிருந்து எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, பின்னிப் பின்னி வளர்த்த முடி. அதை வெட்டச் சொன்னால் பிள்ளையை அனுப்பவே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெட்ட வேண்டியதில்லை. இடுப்பு வரை சடை தொங்கும் சிறுமியும் இந்த விளையாட்டைப் பாதுகாப்பாகக் கற்றுக்கொள்ளலாம். சடை தொங்கியபடியே கற்றுக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். முடியின் நீளத்தைப் பற்றி யாரும் கவலைப்படத் தேவையில்லை. அது வைத்த இடத்தில் நிற்கிறதா என்பதில்தான் கவனம் வேண்டும். இந்த அத்தியாயம் முழுவதும் அதைப் பற்றித்தான்.

விதி என்ன கேட்கிறது?

சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனம் ஒவ்வொரு ஒலிம்பிக் சுற்றுக்கும் புள்ளி விதிநூலைப் புதுப்பிக்கிறது. இப்போது நடப்பில் இருப்பது 2025 முதல் 2028 வரைக்கானது. பெண்களுக்கான ஆர்ட்டிஸ்டிக் பிரிவில் முடி இத்தனை சென்டிமீட்டர்தான் இருக்கலாம் என்று எந்த அளவும் கிடையாது. உடை விஷயத்தில் கறார் உண்டு. வளையல், சங்கிலி கூடாது. காதோடு ஒட்டிய சிறு தோடு மட்டும் போடலாம். உடை விதியை மீறினால் 0.30 புள்ளி போய்விடும். ரிதமிக் பிரிவில் முடி ஒழுங்காக, அடக்கமாக இருக்க வேண்டும் என்றும், முடியில் வைக்கும் அலங்காரம் பெரிதாகவோ ஆபத்தாகவோ இருக்கக் கூடாது என்றும் கேட்கிறார்கள். பல நாட்டுச் சங்கங்களும் பயிற்சிக் கூடங்களும் எழுதி வைத்திருக்கும் விதிகள் ஏறக்குறைய ஒன்றே: முடி முகத்தில் விழக் கூடாது, கருவியைப் பார்ப்பதை மறைக்கக் கூடாது, நீளமாக இருந்தால் கட்டியிருக்க வேண்டும்.

வரலாறும் இதையே சொல்கிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் உலகத்தின் கண்ணையெல்லாம் தன் பக்கம் திருப்பிய ஓல்கா கோர்புட் இரட்டைக் குடுமி போட்டிருந்தார். 1976 மாண்ட்ரியலில் ஒலிம்பிக்கின் முதல் 10 புள்ளியை வாங்கிய 14 வயது நாடியா கோமனேச்சி குதிரைவாலில் ரிப்பன் கட்டியிருந்தார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் ஒட்டுமொத்தத் தங்கம் வென்ற மேரி லூ ரெட்டனின் முடியோ கழுத்தைக்கூட எட்டாது. மூன்று பேர், மூன்று விதமான தலை. அவரவர் முடிக்கும் அவரவர் வித்தைக்கும் எது ஒத்துவந்ததோ அதை வைத்துக்கொண்டார்கள்.

எனவே உங்கள் ஊர்க் கூடத்தில் "எங்களிடம் எல்லாரும் பாப் கட்தான்" என்று சொன்னால், அது அந்தக் கூடத்தின் வழக்கமே தவிர விளையாட்டின் விதி அல்ல.

ஏன் இந்தக் கவனம்?

காரணம் தெரியாத விதியைப் பிள்ளைகள் நம் முன்னால் கடைப்பிடித்துவிட்டு, நாம் திரும்பியதும் விட்டுவிடுவார்கள். ஆகவே ஒவ்வொரு வித்தையிலும் முடி எங்கே போகிறது என்பதைப் பிள்ளைக்கே காட்டிவிடுவது நல்லது.

பிரிட்ஜிலிருந்து தொடங்கலாம். யோகாவில் சக்கராசனம் என்கிறோமே, அதே நிலை. உடல் பின்னால் வளைந்து கை தரையை ஊன்றும்போது சடை நேராகக் கீழே தொங்கி, கை ஊன்றும் இடத்தில் கிடக்கும். உள்ளங்கை அதன்மேல் அழுந்திவிட்டால், காலைத் தூக்கி எழும்பும்போது தலை பின்னால் இழுபடும். வலி ஒருபுறம் இருக்க, அந்தக் கணத்தில் கழுத்து எதிர்பாராமல் திரும்புவதுதான் பயப்பட வேண்டியது. வாக்ஓவர் பழகும் பிள்ளைகளிடம் இதை அடிக்கடி பார்க்கலாம்.

அடுத்து அன்ஈவன் பார்ஸ். மேல் கம்பி 250 சென்டிமீட்டர், கீழ்க் கம்பி 170 சென்டிமீட்டர் உயரம். இடுப்பைக் கம்பியில் வைத்து முன்பக்கம் சுற்றும் ஹிப் சர்க்கிளில் உடல் கம்பிமேல் மடியும். அப்போது நீளச் சடை முன்னால் வந்து விழுந்து, வயிற்றுக்கும் கம்பிக்கும் நடுவில் சிக்கும். கையில் கிரிப் போடும் வயது வந்துவிட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு. மணிக்கட்டில் ஒட்டும் வெல்க்ரோ பட்டை பிசிறு முடியைப் பிடித்தால் விடாது.

பேலன்ஸ் பீம் 10 சென்டிமீட்டர்தான் அகலம். தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரம். அதன்மேல் ஆடும் பிள்ளைக்குக் கண்தான் வழிகாட்டி. பின்னால் கரணம் அடிக்கும்போது பீமின் முனையைத் தேடித்தான் கை இறங்குகிறது. ஒரு கொத்து முடி கண்ணை மறைத்தால் அந்த முனை தெரியாது. போட்டியிலும் நஷ்டம் உண்டு. முடியை ஒதுக்க நின்று தயங்கினால், 2 விநாடிக்கு மேலான தயக்கத்துக்குப் புள்ளி குறையும். விழுந்தால் முழுசாக 1 புள்ளி போகும். விழுந்த பிறகு மறுபடி பீமில் ஏற 10 விநாடிதான் அவகாசம். கலைந்த தலையைக் கட்ட அது போதாது.

உடலைத் திருகிக்கொண்டு சுழலும் வித்தைகளில் குதிரைவால் வெளிப்பக்கமாக விசிறி முகத்தில் அடிக்கும். கண்ணில் பட்டால் பிள்ளை கண்ணை மூடும். தரை எங்கே என்று தெரிய வேண்டிய நேரம் அது.

பலர் யோசிக்காத ஒன்று பயிற்சியாளரின் கை. பேக் ஹேண்ட்ஸ்பிரிங் பழக்கும்போது அவர் ஒரு கையைப் பிள்ளையின் கீழ்முதுகில் வைத்துத் தாங்குவார். இடுப்பு வரை தொங்கும் சடை சரியாக அந்த இடத்தில்தான் கிடக்கும். தாங்கும் கை சடையையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் தலை இழுபடும். விட்டுவிட்டால் பிள்ளைக்குத் தாங்கல் போய்விடும். சடையை மேலே ஏற்றிக் கட்டச் சொல்ல இந்த ஒரு காரணமே போதும்.

இரண்டுங்கெட்டான் நீளம்

வெட்டிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அடக்குவதற்கு மிகவும் கடினமானது நீள முடி அல்ல. தாடை வரை வரும் பாப் கட்டும், நெற்றியில் விழும் ஃப்ரிஞ்சும்தான். நீள முடியைச் சுற்றிக் கட்டலாம். புருவத்துக்கு மேலேயே நின்றுவிடும் குட்டை முடிக்குக் கட்டே வேண்டாம். நடுவில் நிற்கும் முடிதான் ரப்பர் பேண்டுக்குள் அடங்காமல், தலைகீழாக நிற்கும்போது முன்னால் கொட்டி, வியர்வையில் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு பாடுபடுத்தும்.

அதனால் பிள்ளைக்கே முடியைக் குறைக்க ஆசை இருந்தால், ஒன்று நன்றாகக் குட்டையாக வெட்டுங்கள். இல்லையென்றால் பின்கழுத்தில் ஒரு ரப்பர் பேண்டில் முழுவதும் அடங்கும் அளவுக்கு நீளம் விடுங்கள். போட்டிக்கு முந்தைய வாரம் வெட்டவே வெட்டாதீர்கள். புதிய நீளத்தை எப்படிக் கட்டினால் நிற்கும் என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நாள் ஆகும். அந்தப் பரிசோதனைக்குப் போட்டி மேடை இடமல்ல. ஃப்ரிஞ்ச் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மாதத்துக்கு ஒருமுறை கண்ணுக்குள் வந்து நிற்கும்.

எப்படிக் கட்டுவது?

நம் ஊர்ப் பள்ளிக்கூட இரட்டைச் சடையை எல்லா வீட்டிலும் போடத் தெரியும். மடித்து, ரிப்பன் வைத்து, காதோரம் தூக்கிக் கட்டுவோம். பள்ளி விட்டதும் நேரே பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் அதே தலையோடு வந்துவிடுகிறார்கள். அது ஆகாது. மடித்துக் கட்டிய சடை காதுக்குக் கீழே ஒரு வளையமாக நிற்கும். அந்த வளையத்தில் விரல் மாட்டலாம், பக்கத்துப் பிள்ளையின் கை மாட்டலாம். கூடத்துக்குள் நுழையுமுன் ரிப்பனை அவிழ்த்து, இரண்டு சடைகளையும் பின்கழுத்தில் குறுக்காகக் கொண்டுவந்து தலையோடு ஒட்டிக் கட்டிவிடுங்கள்.

தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு நான் சிபாரிசு செய்வது ஒட்டுப் பின்னல். நடு வகிடு எடுத்து, நெற்றியிலிருந்தே இருபுறமும் கொஞ்சம் கொஞ்சமாக முடியைச் சேர்த்து, தலையோடு ஒட்டிப் பின்னிக்கொண்டே பின்கழுத்து வரை இறங்க வேண்டும். ஃப்ரெஞ்ச் பின்னல் என்று அழகு நிலையங்களில் சொல்வது இதைத்தான். இதன் மேன்மை என்னவென்றால், நெற்றியோரக் குட்டை முடியும் காதோரப் பிசிறும் பின்னலுக்குள்ளேயே அடங்கிவிடும்; அதிக ஊசி தேவைப்படாது. பின்கழுத்தில் மிஞ்சும் இரு நுனிகளையும் சேர்த்து ஒரு துணி ரப்பர் பேண்டில் கட்டி, நுனியைப் பின்னலுக்கு அடியில் செருகிவிடலாம். முதல் சில தடவை அரை மணி நேரம் ஆகும். கை பழகிவிட்டால் ரொட்டி சுடும் நேரத்தில் முடிந்துவிடும்.

கொண்டை போடுவதென்றால் எங்கே போடுவது என்பதுதான் பெரிய கேள்வி. பின்கழுத்தில் போட்டால், முன்கரணத்தில் தலையின் பின்பக்கம் தரையைத் தொடும்போது கொண்டை நடுவில் அழுந்தி, தலையை முன்னால் தள்ளும். உச்சியில் போட்டால் தலைகீழாக நிற்க முடியாது. உச்சிக்குச் சற்றுப் பின்னால், முடிச்சுழி இருக்கும் இடத்தையொட்டி வைத்தால் இரண்டுக்கும் நடுவே தப்பிக்கும். அங்கேயும் அது இட்லி போல உப்பியிருக்கக் கூடாது. அடை போலத் தட்டையாகப் பரந்திருக்க வேண்டும். குதிரைவாலை இரண்டாகப் பிரித்து, இரண்டையும் பின்னி, ஒன்றை இடமாகவும் ஒன்றை வலமாகவும் தலையோடு ஒட்டிச் சுற்றினால் தட்டையாக வரும். மேலே கொண்டை வலை போட்டு, ஓரங்களில் கொண்டை ஊசியைத் தலையின் வளைவுக்கு இணையாகச் செருகுங்கள். செங்குத்தாகக் குத்திய ஊசி கரணத்தில் மண்டையில் இறங்கும். டோனட் என்று கடையில் விற்கும் வளையமும் சவுரியும் பரதநாட்டிய மேடைக்குச் சரி, இங்கே வேண்டாம்.

ஒரே நாளில் கரணம், தலைகீழ் நிலை எல்லாம் இருக்கிறதென்றால் கொண்டையை விட்டுவிட்டு ஒட்டுப் பின்னலையே போடுங்கள். ரிதமிக் பழகும் பிள்ளைகளுக்கு நேர்மாறு. அவர்களுக்குக் கொண்டைதான் நல்லது. கழுத்தைச் சுற்றி வளையம் சுழலும், முதுகில் பந்து உருளும், மீட்டர் கணக்கில் ரிப்பன் காற்றில் நெளியும். தொங்கும் முடி எதுவும் அவற்றில் சிக்கும்.

சுருட்டை முடிக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். காய்ந்த சுருட்டையை இழுத்துச் சீவினால் உடையும், பிள்ளைக்கும் உயிர் போகும். சிறு ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் தெளித்து, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே ஏறிச் சிக்கெடுங்கள். பிறகு பின்னுங்கள். சுருட்டையை நேராக்கித்தான் ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பின்னலில் நேர்முடியைவிடச் சுருட்டை முடி நழுவாமல் நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கட்டி முடித்ததும் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். பாயை விரித்துப் பிள்ளையை மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். தலை ஒரு பக்கம் சாயாமல் நேராகப் படிந்தால் கொண்டையின் அளவும் இடமும் சரி. எழுந்து நின்று, குனிந்து தலையைத் தொங்கப்போட்டுப் பலமாக ஆட்டட்டும். பிறகு பத்துப் பதினைந்து குதி குதிக்கட்டும். எதுவும் கழன்று விழாமல், கண்ணுக்கு முன் ஒரு இழையும் வராமல் இருந்தால் கிளம்பலாம். கடைசியாக, புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள். நெற்றித் தோல் இறுகி, புருவம் ஏற மறுத்தால் கட்டு அதிக இறுக்கம். அவிழ்த்துத் தளர்த்திக் கட்ட வேண்டும்.

எண்ணெய், பூ, ஊசி

நம் வீடுகளில் தலைவாரினால் எண்ணெய் இல்லாமல் இருக்காது. பயிற்சிக்குக் கிளம்பும்போது மட்டும் அதை நிறுத்த வேண்டும். தேங்காய் எண்ணெய் வியர்வையோடு நெற்றியில் இறங்கிக் கண்ணில் எரியும். அதைவிட முக்கியம், பிள்ளை தலையைத் தொட்ட கையோடு கம்பியைப் பிடிக்கும். கை வழுக்காமல் இருக்கத்தான் மெக்னீசியம் கார்பனேட் பவுடரைத் தடவுகிறோம். எண்ணெய்க் கையில் அந்தப் பவுடர் பிடிக்காது, திரிதிரியாகத் திரண்டுவிடும். கம்பியில் ஏறிய எண்ணெய் அடுத்துப் பிடிக்கும் பிள்ளையின் கையையும் வழுக்கும். மெத்தையில் படிந்தால் தலைகீழாக நிற்கும்போது தலை நழுவும்.

எண்ணெயை அடியோடு கைவிட வேண்டாம். பயிற்சி இல்லாத நாளில் வழக்கம்போல எண்ணெய் தேய்த்துக் குளிக்கட்டும். சீயக்காயோ ஷாம்புவோ போட்டு எண்ணெய் போக அலசிவிட்டால் போதும். கையில் தடவும் அந்தப் பவுடர் முடியை வறட்டும் என்பதால் அந்த வாரக் குளியல் தேவையும்கூட. ஈரத்தலையை அப்படியே இறுக்கிப் பின்னுவது மட்டும் ஆகாது. உள்ளே காயாமல் நாறும், அரிக்கும், முடியும் இழுபட்டு அறும்.

மல்லிகை, கனகாம்பரம் எதுவும் கூடத்துக்குள் வேண்டாம். ஒரு மலர் உதிர்ந்து ஃப்ளோரில் கிடந்தால் அதன்மேல் ஓடிவரும் கால் சறுக்கும். குஞ்சலம், மணி கோத்த ரப்பர் பேண்ட், பிளாஸ்டிக் பட்டாம்பூச்சி, பல் வைத்த கிளட்ச் கிளிப், கடினமான ஹேர்பேண்ட் இவை எல்லாமே வீட்டோடு இருக்கட்டும். தலையில் வைக்கும் எதுவும் அழுத்தினால் மடங்க வேண்டும். மடங்காதது எதுவும் தலையில் இருக்கக் கூடாது. கொண்டை ஊசி தவிர்க்க முடியாத விதிவிலக்கு. அதையும் எண்ணி வையுங்கள். எட்டு ஊசி வைத்து அனுப்பினால் வீடு திரும்பியதும் எட்டு இருக்கிறதா என்று பாருங்கள். காணாமல்போன ஊசி மெத்தையின் இடுக்கில் நட்டுக்கொண்டு நிற்கும், இன்னொரு பிள்ளையின் வெறுங்காலுக்காக. கரணம் பழகும் நாளில் ஊசியே இல்லாத கட்டுதான் சிறந்தது.

போட்டி நாளில்

முதல் நாள் இரவே தலைக்குக் குளிக்க வையுங்கள். அன்று காலையில் அலசிய முடி பட்டாக வழுக்கும். பின்னலும் ஊசியும் நிற்காது. ஒருநாள் கடந்த முடிதான் சொன்னபடி கேட்கும். பிசிறு முடியை அடக்கக் கொஞ்சம் ஜெல் தடவலாம். ஹேர் ஸ்ப்ரே அடிப்பதென்றால் கூடத்துக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், பிள்ளையின் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு அடியுங்கள். தரையில் படிந்த ஸ்ப்ரே வழுக்கும். மினுமினுப்புத் தூளை நான் அனுமதிப்பதில்லை. வியர்த்ததும் அது இறங்குமிடம் கண்.

போட்டிக்கென்று புதிய கட்டு எதையும் முயலாதீர்கள். அதே தலையோடு இரண்டு முழுப் பயிற்சிகளாவது முடிந்திருக்க வேண்டும். பையில் ஒரு சிறு டப்பா: இரண்டு மூன்று ரப்பர் பேண்ட், ஒரு வலை, சீப்பு, தண்ணீர் பாட்டில், சில டிக் டாக் கிளிப். அந்த டப்பா பிள்ளையின் கையில் இருக்கட்டும், உங்கள் கையில் அல்ல. போட்டிக் களத்துக்குள் பெற்றோருக்கு இடமில்லை. எட்டு ஒன்பது வயதுக்குள் பிள்ளை தன் தலையைத் தானே கட்டிக்கொள்ளப் பழகிவிட வேண்டும். வெளியூர் முகாமில் விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மா வந்து பின்னிவிட மாட்டார். அப்பாக்களும் இந்தப் பின்னலைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். காலைப் பயிற்சிக்கு வண்டியில் கொண்டுவந்து விடுகிறவர்கள் பல வீடுகளில் அவர்கள்தான்.

தலைத்தோல்

தினமும் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டினால் நெற்றியோரமும் காதுக்கு மேலும் முடி மெலிந்து, வகிடு அகலமாகும். இழுவையால் வரும் முடி உதிர்வு இது. தொடக்கத்திலேயே கவனித்து இறுக்கத்தைக் குறைத்தால் மீண்டும் வளரும். வருடக்கணக்கில் விட்டால் அந்த இடத்தில் வளராமலே போகலாம். பயிற்சி முடிந்த உடனே கட்டை அவிழ்த்துவிடுங்கள். வகிட்டை மாற்றி மாற்றி எடுங்கள். இரவில் தளர்ந்த ஒற்றைச் சடை போதும். தலை வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் சாக்கு என்று நினைக்காதீர்கள். முதலில் கொண்டையை அவிழ்த்துப் பாருங்கள். மயிர்க்கால்களில் சீழ்க்கொப்புளமோ, காசளவு முடியில்லாத வட்டமோ தென்பட்டால் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பேன் வராத பிள்ளை இல்லை. தலையும் தலையும் உரசினால்தான் அது பெரும்பாலும் பரவும். சீப்பு, ரப்பர் பேண்டைப் பகிர்வதையும் தவிர்ப்பது நல்லது. கட்டிய முடியில் பரவ வாய்ப்புக் குறைவு. பேன் கண்டால் பயிற்சியாளரிடம் தனியாகச் சொல்லுங்கள். அதை மற்றப் பிள்ளைகள் முன்னால் பேசுவது எந்தக் கூடத்திலும் நடக்கக் கூடாது.

ஆண் பிள்ளைகள், வேண்டுதல் முடி, தலைத்துணி

பையன்களுக்கும் இதே விதிதான். புருவத்தைத் தாண்டி விழும் முடியைக் கட்ட வேண்டும், அல்லது வெட்ட வேண்டும். குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு முடி வளர்க்கும் சிறுவன் கூச்சப்படாமல் பின்னிக்கொண்டு வரலாம். கிண்டல் வராமல் பார்த்துக்கொள்வது பயிற்சியாளரின் பொறுப்பு. மொட்டை போட்ட பிறகு கத்திக்கீறல் ஆறும்வரை சில நாட்கள் தலைகீழ் நிலையும் கரணமும் வேண்டாம். மெத்தை உரசி எரியும், கீறலில் கிருமியும் சேரும்.

சமய வழக்கப்படி தலையை மூடும் பிள்ளைகளுக்கு ஊசியில்லாத, தலையோடு ஒட்டிய, இழுத்தால் நழுவாத விளையாட்டுத் துணி வேண்டும். சீக்கியச் சிறுவனின் உச்சிக் கொண்டை தலைகீழ் நிலைக்கு இடைஞ்சல் என்பதால் அதைச் சற்றுப் பின்னால் தட்டையாகக் கட்டி மேலே பட்கா என்னும் தலைத்துணி அணியலாமா என்று குடும்பத்தோடு பேசி முடிவெடுக்க வேண்டும். போட்டி என்றால் அமைப்பாளர்களிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். அன்று காலை நுழைவாயிலில் வாதாடும் நிலை பிள்ளைக்கு வரக் கூடாது.

பிள்ளையின் தலையைப் பற்றிப் பேசும்போது

2012 லண்டன் ஒலிம்பிக்கில் கேபி டக்ளஸ் ஒட்டுமொத்தத் தங்கம் வென்றார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர். அப்போது வயது 16. அந்த நாட்களில் சமூக ஊடகங்களில் பலர் பேசியது அவருடைய முடி சரியாகப் படியவில்லை என்பதைப் பற்றி. அவர் முடியை முகத்தில் விழாமல் இறுக்கிக் கட்டியிருந்தார். விளையாட்டு கேட்டது அது மட்டும்தான், அதை அவர் செய்திருந்தார். மீதியெல்லாம் பார்த்தவர்களின் ரசனை. அதை ஒரு பெண்பிள்ளையின் தலையில் சுமத்தியது அநியாயம்.

இதே அநியாயம் சின்ன அளவில் நம் கூடங்களிலும் நடக்கிறது. "பரட்டைத் தலையா வந்திருக்கா பாரு" என்று ஒரு பெரியவர் சொன்னால், அந்தச் சிறுமி அன்று முழுவதும் தலையைத் தடவிக்கொண்டே இருப்பாள். பீமில் ஏறும்போதும் அவள் நினைப்பு தலையில்தான் இருக்கும். பாதுகாப்புக்காகச் சொல்வதைப் பாதுகாப்பின் வார்த்தையிலேயே சொல்லுங்கள்: "இந்த முடி கண்ணில் விழுகிறது, வா, கட்டிக்கொள்ளலாம்." அழகு, அசிங்கம் என்ற பேச்சுக்கு இங்கே வேலையில்லை. பயிற்சியாளரும் பிள்ளையின் தலையில் கை வைக்குமுன் கேட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும். தன்னைக் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும் என்று சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்று பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கூடத்தில் சேர்க்கும் அன்றே முடி, நகை, உடை பற்றிய விதிகளை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டினால்தான் சேர்ப்போம் என்று ஒரு கூடம் சொன்னால் காரணத்தைக் கேளுங்கள். கட்டினால் போதாதா என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லையென்றால், வேறு கூடம் பாருங்கள்.